ஓய்வா? ஒதுக்கமா?

முதுமை நோயன்று, ஆயுள் அருளப்பெற்றோர் அனைவரும் கடந்தாக வேண்டிய ஒரு பருவம். மனித வாழ்வு நலிவில் தொடங்கி, வலிமையில் ஏறி, மறுபடியும் நலிவில் இறங்குவதைத் திருமறையின் ‘ரூம்’ அத்தியாயம் இறைவனின் படைப்பு நியதியாகவே காட்டுகின்றது. பாதை எல்லோர்க்கும் ஒன்றுதான். ஆனால் அப்பாதையின் கடைசிப் பகுதியில் நடப்போரை உடன் நடப்போர் எவ்வாறு வைத்துக்கொள்ள வேண்டும் என்ற வினாவுக்கு ஒவ்வொரு தலைமுறையும் தானே விடை காண வேண்டியிருக்கின்றது. நம் தலைமுறையில் அவ்வினா நகரத்திற்குக் குடிவந்துவிட்டது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் 60 வயது நிறைந்தோர் ஏறத்தாழ 10 கோடியே 40 இலட்சம் பேர். அவர்களுள் 3 கோடிக்கு மேற்பட்டோர் நகரவாசிகள். தமிழகத்திலோ அன்றே நூற்றுக்குப் பத்துப்பேர் அறுபதைக் கடந்தவர்கள். மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் நகரங்களில் வாழ்பவர்கள். அதன்பின் இத்தொகை பெருகியிருக்கின்றதே அன்றிக் குறையவில்லை.

நம் சமுதாயத்திற்கு இதில் தனிக்கதை ஒன்று உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர் முதலிய ஊர்களிலிருந்து நம் ஆண்கள் பொருள்தேடிக் கடல்கடப்பது புதிதன்று. 1970களுக்குப்பின் வளைகுடா நாடுகளின் கதவு திறந்தபோது அது பெருவழக்காயிற்று. கடல்கடந்தவர் ஈட்டியதைக் கொண்டு சென்னையில் ஓர் அடுக்குமாடி வீட்டை வாங்கினார். பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பம் நகரம் சேர்ந்தது. ஊரில் தனித்திருந்த வாப்பாவையும் உம்மாவையும், ‘தனியே கிடந்து ஏன் அல்லலுற வேண்டும்?’ என்ற அன்பினால் அழைத்துவந்து உடன் வைத்துக்கொண்டனர். இத்தகைய வீடுகள் இன்று மண்ணடியிலும் திருவல்லிக்கேணியிலும் புறநகர்களிலும் பலவுண்டு.

இவ்வீடுகளில் முதியோர்க்குக் குறையென்று எதைச் சொல்ல முடியும்? வேளைக்கு உணவு வருகின்றது. மாத்திரை தட்டில் எடுத்து வைக்கப்படுகின்றது. வெயிலுக்குக் குளிர்சாதனமும், மாடி ஏற லிப்டும் இருக்கின்றன. ஆயினும் இரண்டே ஆண்டுகளில் அவர் வாடிவிடுகின்றார். பேச்சுக் குறைகின்றது, உறக்கம் குறைகின்றது, ‘ஊருக்குப் போக வேண்டும்’ என்ற ஒரே வார்த்தை மட்டும் எஞ்சுகின்றது. மருத்துவர் சோதித்துப் பார்த்து, வயதுக்கேற்ற கோளாறுகளே அன்றி வேறொன்றும் இல்லை என்கிறார். பிள்ளைகளோ, ‘என்ன குறை வைத்தோம்?’ என்று கலங்குகின்றனர். கலக்கம் உண்மையானதே. குறை வைக்காதிருப்பதும் நலமாக வைத்திருப்பதும் ஒன்றுதானா என்பதே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட வினா.

நலம் என்பது எது?

நோயில்லாமை மட்டுமே நலமாகிவிடாது. உடலும் உள்ளமும் சமூக உறவும் மூன்றும் செம்மையுற்ற நிலையே நலம் என்ற கருத்தை 1948இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் சாசனம் தன் முகப்பிலேயே ஏற்றுக்கொண்டது. நாம் அன்றாடம் துஆவில் இறைஞ்சும் ‘ஆஃபியத்’ என்ற சொல்லின் விரிவு அதனினும் பெரிது. உடல், மார்க்கம், குடும்பம், பொருள் ஆகிய யாவற்றிலும் தீங்கு அணுகாத நிறைவையே நாம் அச்சொல்லால் கேட்கின்றோம். இவ்விரு அளவுகோல்களாலும் அளந்தால், வேளைக்கு வரும் உணவும் மாத்திரையும் நலத்தின் ஒரு பகுதியே என்பது விளங்கும். மறுபகுதி எங்கே போயிற்று?

காயல்பட்டினத்தில் வாழ்ந்து பழகிய மூதாட்டி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அங்கே பெண்கள் தெருவுக்கு வராமலேயே வீட்டுக்கு வீடு சென்றுவர முடுக்குகள் உண்டு. கூடி ஓதுவதற்குப் பெண்கள் தைக்காக்கள் உண்டு. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் சொல்லவும், சம்பந்தம் பேசுமுன் இரு குடும்பத்து வரலாற்றைச் சொல்லவும், மையித்து வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்லவும் அம்மூதாட்டியைத் தேடி ஆள் வருவார்கள். முழங்கால் வலி அவருக்கு அங்கேயும் இருந்தது. சர்க்கரை நோயும் இருந்தது. எனினும் அவர் அங்கே கேட்கப்படுபவராக இருந்தார். நகரத்து நான்காம் மாடியில் அவரிடம் எவரும் எதையும் கேட்பதில்லை. ‘சாப்பிட்டீர்களா?’ என்று மட்டுமே கேட்கிறார்கள்.

நாற்பது ஆண்டுகள் கடை நடத்தி, ஐம்பது பேருக்குக் கணக்குத் தீர்த்த ஒருவரை எண்ணிப் பார்த்தாலும் இதுவே நிலை. அவர் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனால், ‘வாப்பா, நீங்க சும்மா உட்காருங்க’ என்று மருமகள் ஓடி வருகிறாள். கறிக்கடைக்குப் பையை எடுத்தால், ‘சும்மா இருங்க’ என்று மகன் தடுக்கிறான். பேரனின் பள்ளிக்கூடம் பற்றிப் பேச வாயெடுத்தால், ‘அதெல்லாம் நாங்க பார்த்துக்கிறோம்’ என்கிறார்கள். ஒவ்வொரு சொல்லும் அன்பிலிருந்தே பிறக்கின்றது. ஆனால் நாளெல்லாம் இச்சொற்களையே கேட்கும் செவியில் அவை அனைத்தும் சேர்ந்து ஒரே பொருளைத் தருகின்றன: இவ்வீட்டில் உம்மால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

ஓய்வு என்று நாம் அளித்தது, அவர் வரையில் ஒதுக்கமாகிவிட்டது.

ஷரீஅத் காட்டும் படிகள்

இவ்விடத்தில் மார்க்கச் சட்டம் முதியோரை எவ்வாறு நடத்துகின்றது என்பதைக் கூர்ந்து நோக்குவது பயன்தரும். நலிந்தோர்க்குச் சலுகை தருவதில் இஸ்லாத்தை விஞ்சிய மார்க்கமில்லை என்று நாம் பெருமையுடன் கூறிக்கொள்கின்றோம். அச்சலுகை எவ்வகையினது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

முதலில் தொழுகை. நோயுற்றிருந்த இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்குப் பெருமானார் (ஸல்) அவர்கள், நின்று தொழவும், இயலாவிடில் உட்கார்ந்து தொழவும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தவாறு தொழவும் வழி காட்டியதை ஸஹீஹுல் புகாரீ பதிவு செய்துள்ளது. நிற்க முடியாதவரை நோக்கி, ‘நீ தொழ வேண்டியதில்லை’ என்று கூறப்படவில்லை. தொழுகையின் உருவம் அவருடைய இயலாமைக்கு ஏற்ப இறங்கி வந்தது. தொழுகையாளி என்ற நிலையிலிருந்து அவர் இறக்கப்படவில்லை.

அடுத்து நோன்பு. தள்ளாமையினால் நோன்பு நோற்க இயலாத முதியவர், ஒவ்வொரு நோன்புக்கும் ஈடாக ஓர் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யாவைத் தர வேண்டும். இதன் நுட்பம் எண்ணி இன்புறத்தக்கது. உடலால் செய்ய இயலாமற் போனவரைச் சட்டம் பெறுபவராக மாற்றவில்லை, கொடுப்பவராக மாற்றுகின்றது. பட்டினி கிடக்க முடியாத முதியவரின் கை, பசித்தவனுக்குச் சோறு போடும் கையாகின்றது.

மூன்றாவது ஹஜ். கஸ்அம் குலத்துப் பெண்மணி ஒருவர், தம் தந்தைக்கு ஹஜ் கடமையாகிவிட்ட நிலையில் வாகனத்தின்மீது நிலையாக உட்காரவும் இயலாத அளவு அவர் முதுமையுற்றிருப்பதைக் கூறி, அவருக்காகத் தாம் ஹஜ் செய்யலாமா என்று பெருமானார் (ஸல்) அவர்களிடம் வினவினார். செய்யலாம் என்று விடை கிடைத்தது. நடப்பவர் மகள், ஆனால் ஹஜ் தந்தையின் பெயரால் நிறைவேறுகின்றது.

இம்மூன்றையும் வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு நெறி புலப்படும். சிரமத்துடன் இயலுமாயின், செயலை எளிதாக்கு. அச்செயல் இயலாதாயின், கொடுக்கக்கூடிய வேறொன்றைக் காட்டு. அதுவும் இயலாதாயின், நீ செய். ஆனால் அவர் பெயரால் செய். எந்தப் படியிலும் அவரைக் கணக்கிலிருந்து நீக்காதே. இறைவன் தன் கடமைகளிலேயே முதியோரை நீக்காதிருக்க, குடும்பத்துக் கடமைகளிலிருந்து அவர்களை நீக்க நமக்கு உரிமை தந்தது யார்?

வீட்டுக்குள் அந்நெறி

முதற்படியை எடுத்துக்கொள்வோம். கறிக்கடைக்குப் போகும் முதியவரைத் தடுப்பதைவிட, கனம் குறைந்த பையும் கைத்தடியும் கொடுத்து, கூடப் பேரனையும் அனுப்புவது நன்று. சமையலறையில் நிற்க முடியாத உம்மாவுக்கு ஒரு நாற்காலி போட்டால், வட்டிலப்பத்தின் பதம் அவர் வாயிலிருந்து அடுத்த தலைமுறைக்கு இறங்கும்.

பள்ளிவாசலுக்கு நடப்பதையும் இங்கே கூறவேண்டும். நகரத்துப் போக்குவரத்துக்கு அஞ்சி, ‘வீட்டிலேயே தொழுதுகொள்ளுங்கள்’ என்று கூறிவிடுகின்றோம். ஜமாஅத்துக்கு நடக்கும் முதியவருக்கு அந்நடை உடற்பயிற்சியாகின்றது. ஒழுங்கான பொழுது அமைகின்றது. ஸலாம் சொல்ல நாலுபேர் கிடைக்கின்றனர். இவற்றுக்கெல்லாம் மேலாக இபாதத்தின் நிறைவு வாய்க்கின்றது. உடலும் உள்ளமும் உறவும் ஒருசேரப் பெறும் ஒன்றைத் தடுத்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மருந்து தேடுகின்றோம். ஐந்து வேளையும் அனுப்ப அச்சமாயிருந்தால், சந்தடி குறைந்த ஒரு வேளைக்கேனும் துணையுடன் அனுப்புவது இயலாத காரியமன்று.

இரண்டாம் படி, கொடுக்கும் கையை நிறுத்தாமை. அறிவு தெளிவாக உள்ளவரை, வயதைக் காரணமாக்கி எவருடைய பொருளின் மீதும் அவருக்குள்ள அதிகாரத்தை ஷரீஅத் பறிப்பதில்லை. ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? வங்கிப் புத்தகம் மகனிடம் போய்விடுகின்றது. பெருநாளன்று பேரப்பிள்ளைக்குப் பணம் கொடுக்க மகனிடமே கைநீட்ட வேண்டியிருக்கின்றது. இது கொடுமையென்று உணராமலே செய்யப்படும் கொடுமை. பொருளில்லாத முதியவருக்கும் மாதந்தோறும் ஒரு தொகையைக் கொடுத்து, எதற்கென்று கேளாதிருப்பது மகனின் மாண்பு. பொருள் மட்டுமன்றிக் கல்வியும் கொடையே. மாலையில் அண்டை வீட்டுப் பிள்ளைகள் நால்வருக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கும் மூதாட்டி, அந்த அடுக்குமாடியில் தமக்கென ஓர் இடத்தைப் பெற்றுவிடுகின்றார்.

கடலுக்கு அப்பால் உள்ள பிள்ளைகள் என்ன செய்வது? ‘பனூ இஸ்ராயீல்’ அத்தியாயத்தில், பெற்றோரிடம் ‘சீ’ என்ற ஒலியையும் எழுப்பலாகாது எனத் தடுக்கும் வசனம், அவர்கள் ‘உன்னிடத்தில்’ முதுமையடைவதைக் குறிப்பிடுகின்றது. பக்கத்தில் இருத்தலே உயர்நிலை என்பதில் ஐயமில்லை. எனினும் பிழைப்பு எல்லோர்க்கும் அதனை அருளிவிடவில்லை. அவர்கள் நாள்தோறும் செல்பேசியில் பேசத்தான் செய்கின்றனர். பேசுவது எதை? ‘மாத்திரை போட்டீர்களா? சர்க்கரை எவ்வளவு?’ இவை செவிலியர் கேட்கும் கேள்விகள். ‘இந்த இடத்தை வாங்கலாமா வாப்பா? அந்தக் குடும்பத்தில் பெண் கேட்கலாமா உம்மா?’ என்பவையே பிள்ளைகள் கேட்கும் கேள்விகள். பணமும் மருந்தும் அனுப்பும் மகன், யோசனை ஒன்றைக் கேட்டுப் பெறவும் செய்வானாயின், அவன் தொலைவில் இருந்தும் பக்கத்தில் இருக்கின்றான்.

ஒரு மறுப்பும் அதன் விடையும்

‘வாழ்நாளெல்லாம் உழைத்தவரை மேலும் உழைக்கச் சொல்வதா?’ என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. பேரப்பிள்ளைகளை வளர்க்கவும் அடுப்பைக் கவனிக்கவுமே உம்மாவை நகரத்துக்கு அழைத்துவந்து, அவர் இடுப்பொடிவதைக் காணாதது போலிருக்கும் வீடுகளும் உண்டு. அதனை நாம் பொறுப்பளித்தல் என்று பெயரிட்டு மறைக்கலாகாது. வேண்டாமென்று சொல்லும் உரிமை எங்கே இருக்கின்றதோ அங்கேதான் அது பொறுப்பு. அவ்வுரிமை இல்லாத இடத்தில் அது சுமை. ‘செய்ய முடியுமா?’ என்று கேட்பதிலும், ‘முடியாது’ என்றால் முகம் சுளிக்காதிருப்பதிலும் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரிந்துவிடும்.

இதனினும் கடினமான கேள்வி ஒன்று உண்டு. நினைவு முற்றும் அழிந்து, பெற்ற மகனையே ‘யார் நீ?’ என்று கேட்கும் நிலைக்கு வந்துவிட்டவரிடம் எதைக் கேட்பது? பிறருக்குத் தேவைப்படுவதே நலமென்றால், எவருக்கும் எதுவும் செய்ய இயலாத அவரது மதிப்பு என்னாவது? தள்ளாத முதுமையின் இழிநிலையிலிருந்து பெருமானார் (ஸல்) அவர்களே பாதுகாவல் தேடியிருக்கின்றார்கள். ஆகவே அந்நிலையின் கொடுமையை எவரும் அழகுபடுத்திப் பேச வேண்டியதில்லை.

அறிவு நீங்கியவர் மீதிருந்து கடமைகள் நீங்கிவிடுகின்றன. ஆனால் அவருக்குரிய கண்ணியம் அவர் கடமையாற்றியதற்குக் கூலியாக வந்ததன்று. ஆகவே கடமையோடு அது நீங்குவதுமில்லை. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு (கி.பி. 630) மக்கா வெற்றியின்போது, அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்கள் பார்வையிழந்த தம் முதிய தந்தை அபூ குஹாஃபாவைப் பெருமானாரிடம் அழைத்து வந்தார்கள். அப்பெரியவரை வீட்டிலேயே இருக்கவிட்டிருந்தால் தாமே அவரிடம் வந்திருப்பேனே என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியதாக வரலாற்று நூல்கள் தெரிவிக்கின்றன. அதுவரை இஸ்லாத்தை ஏற்காதிருந்த ஒருவர். படைக்கோ ஆட்சிக்கோ உதவ இயலாத ஒருவர். அவரை நாடி, வெற்றி வாகை சூடிய தலைவர் நடந்து செல்ல முனைகின்றார். முதுமைக்குரிய மதிப்பு பயனை எண்ணித் தரப்படுவதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா? மூன்றாம் படி இங்கேதான் வந்து பொருந்துகின்றது. நினைவிழந்த தாயின் பெயரால் தர்மம் செய்யலாம். அவர் கொடுத்துவந்த வீட்டுக்குக் கொடுப்பதை நிறுத்தாதிருக்கலாம். அவர் முன்னிலையில் அவரைப் பற்றி, அவர் இல்லாதது போலப் பேசாதிருக்கலாம்.

நகரமும் ஜமாஅத்தும்

முதியோர் நலத்தைப் பிள்ளைகளின் தலையில் மட்டும் கட்டிவிடுவதும் நீதியன்று. பிள்ளையில்லாதோர், பெண்மக்களை மட்டும் பெற்றோர், ஏழையின் பெற்றோர் என்போர் நகரத்தில் ஏராளம். கலீஃபா உமர் (ரலி) அவர்கள், பார்வை மங்கிய யூத முதியவர் ஒருவர் பிச்சை எடுப்பதைக் கண்டு, வாலிபத்தில் அவரிடம் வரி வாங்கிவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியாகாது என்று கூறி, பைத்துல்மாலிலிருந்து உதவியளித்த செய்தியை அபூயூஸுஃப் அவர்களின் ‘கிதாபுல் கராஜ்’ கூறுகின்றது. முதியோரைத் தாங்குவது அரசின் கடமையுமாகும் என்பது இதனால் பெறப்படும்.

நம் நாட்டில் 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கோரவும், கவனித்துக்கொள்வார் என்ற நிபந்தனையுடன் எழுதிக்கொடுத்த சொத்தை அது பொய்த்தால் மீட்கவும் வழி செய்துள்ளது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோர்க்கென 1978இலேயே தனி மருத்துவப் பிரிவு தொடங்கப்பட்டது; 2024இல் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. ஐந்து நோய்க்கு ஐந்து மருத்துவரிடம் மருந்து வாங்கி, ஒன்றோடொன்று மோதவிடும் குடும்பங்கள், அனைத்தையும் ஒருசேரப் பார்க்கும் இத்தகைய இடங்களை நாடுவது நலம். செவிப்புலன் குறைவும் சமூகத் தனிமையும் மறதிநோய்க்கு வழிகோலும் காரணங்களுள் அடங்கும் என்று ‘லான்செட்’ மருத்துவ இதழ் அமைத்த வல்லுநர் குழு 2020இலும் 2024இலும் எடுத்துக்காட்டியுள்ளது. காது கேளாத பெரியவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொள்வது எத்தகைய தீங்கு என்பதை வீட்டார் உணர வேண்டும்.

ஜமாஅத்துக்கு நாம் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. இமாமத் செய்பவர் தொழுகையைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். பின்னால் நிற்போரில் நலிந்தோரும் நோயாளிகளும் முதியோரும் இருப்பர் என்பது நபிமொழி. கூட்டத்தின் வேகத்தை வலியவர் அல்லர், நலிந்தவரே நிர்ணயிக்க வேண்டும் என்ற இக்கட்டளை கிராஅத்தோடு முடிந்துவிடவில்லை. ஒளுச் செய்யும் இடத்தில் வழுக்காத தரை, உட்கார்ந்து ஒளுச் செய்ய உயரமான இருக்கை, பிடித்துக்கொள்ளக் கம்பி, கீழ்த்தளத்திலேயே முதியோர்க்கு ஸஃப்பில் இடம் ஆகியவையும் அக்கட்டளைக்குள் அடங்கும். இவற்றுள் முதல் மூன்றும் வீட்டுக் குளியலறைக்கும் பொருந்தும். பஜ்ருக்கு எழுந்து ஈரத்தரையில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு, பின் படுக்கையை விட்டு எழாமலே போனவர் எத்தனையோ பேர். மூன்று நாள் வராத முதியவரின் வீட்டுக் கதவை நான்காம் நாள் தட்டுவதற்கு இளைஞர் இருவரை நியமிப்பதற்கு நிதி வேண்டியதில்லை, மனம் வேண்டும். நம் தாய்மார்க்கோ பள்ளிவாசல் வழியும் பெரும்பாலும் இல்லை. ஊரின் பெண்கள் தைக்காவைப்போல, நகரத்திலும் அவர்கள் கூடி ஓதவும் உரையாடவும் ஓரிடத்தை ஏற்படுத்துவது உடனடிக் கடமை.

நாம் பெற்றோர்க்குச் செய்யும் பணிவிடை அனைத்தும் நற்செயலே. அதில் குறைத்துக்கொள்ள ஒன்றுமில்லை. அதனோடு சேர்க்க வேண்டியது ஒன்றுதான். அவர்களிடமிருந்து பெறக் கற்றுக்கொள்ள வேண்டும். ஓர் யோசனையை, ஒரு கதையை, ஒரு கைப்பக்குவத்தை, ஒரு துஆவை. இன்றிரவு உணவுக்குப்பின் வாப்பாவின் அருகிலோ உம்மாவின் அருகிலோ அமர்ந்து, உண்மையிலேயே நமக்கு விடை தெரியாத ஒன்றைக் கேட்டுப் பார்ப்போமாக. விடை வரும்வரை காத்திருப்போமாக.

வல்ல அல்லாஹ் நம் முதியோர்க்கு ஆஃபியத்தையும், அவர்களோடு வாழும் நமக்கு அதற்குரிய அறிவையும் அருள்வானாக! ஆமீன்.